ஒரு தொண்டையில் ஜோடி நாகஸ்வரம்

"கொடைக்கானல் சோலைக்கிளிக்கும் ஊட்டி சோலைக்கிளிக்கும் பாஷை வேறாமே, நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாஷை என்பது தலைப்பு வைப்பவர்களின் உற்சாகம். அவை இரண்டும் வேறு வேறு இனங்கள். பாட்டு ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். ஆச்சரியப்பட வேண்டிய இடம் வேறு, தொண்டைக்குள் இருக்கிறது.

பெயரில்தான் கிளி. சுமார் 15 செ.மீ. நீளமுள்ள, ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளில், ஈரச் சருகுக்கிடையே பூச்சி தேடித் தின்னும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம். தெற்கே வெள்ளை வயிற்றுடன் இன்னொன்று. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. சிறகு இருந்தும் கணவாயைக் கடப்பதில்லை. குளிருக்கும் இருட்டுக்கும் பழகிய உடம்பு, கீழே வெக்கையில் இறங்க மறுக்கிறது.

வரலாறு கேட்பவர்களுக்காக: 19ஆம் நூற்றாண்டில் ஜெர்டன் ஒன்றுக்குப் பெயர் வைத்தார், பிளான்ஃபோர்டு இன்னொன்றுக்கு. பின்னால் வந்தவர்கள் பேரினம் பேரினமாக மாற்றி அலைக்கழித்தார்கள். 2017இல் வி. வி. ராபின் குழுவினர் மரபணுவைப் பார்த்து 'சோலிகோலா' என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். போதும்.

நமக்குக் குரல்வளை மூச்சுக்குழலின் மேல்முனையில் இருக்கிறது. பறவைக்குக் குரல் பிறப்பதோ அடிமுனையில், குழல் இரண்டாகப் பிரியும் கவட்டில். அந்த உறுப்புக்கு சிரிங்ஸ் என்று பெயர். பாடும் பறவைகளில் இடக்கிளைக்கும் வலக்கிளைக்கும் தனித்தனியே அதிரும் சவ்வு, தனித்தனியே தசை, தனித்தனியே நரம்பு. ஆக, ஒரு தொண்டையில் ஜோடி நாகஸ்வரம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கலாம். இருவரும் சேர்ந்து ஆளுக்கொரு சுருதியில் ஊதலாம். வட அமெரிக்காவின் கார்டினல் பறவை கீழ்ச் சுருதியை இடப்பக்கத்திலும் மேல்சுருதியை வலப்பக்கத்திலும் எழுப்புகிறது. கைமாறும் இடம் நம் காதுக்குத் தெரிவதே இல்லை. வித்வான்கள் மூச்சு வாங்கக்கூட இடம் உண்டு: அசைக்கும் அசைக்கும் நடுவே நொடியின் சிறு துளியில் காற்றை இழுத்துக்கொள்வதைப் பாடும் பறவைகளில் அளந்திருக்கிறார்கள். தவில் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள்.

வாசிப்பு என்றால் பாணியும் உண்டு. பாடும் பறவையின் குஞ்சு பெரியவற்றைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்கிறது. வெளியூர்க் கச்சேரி காதில் விழாத ஊரில் பிடி ஒன்று கூடும், ஒன்று மறக்கும். சில தலைமுறையில் அதுவே அந்த ஊர்ப் பாணி.

சோலைக்கிளிகளைப் பற்றி 2016இல் சேத்தனா புருஷோத்தமும் ராபினும் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் சுவாரசியமாகிறது. 6 இடங்கள், 38 பறவைகள், 835 பாட்டுகள். இடங்களில் சில பழங்காலப் பள்ளத்தாக்குகளால் பிரிந்தவை. சில, மனிதன் காட்டை வெட்டியதால் அண்மையில் பிரிந்தவை. சுருதி, கால அளவு என்று வழக்கமான கணக்கில் பார்த்தபோது பாட்டுகள் 3 பெருங்கூட்டங்களாக விழுந்தன. ஆனால் தொண்டையிலுள்ள அந்த ஜோடியைப் பறவை எப்படி வாசிக்கிறது என்று பார்த்தால், நேற்றுப் பிரிந்த காடுகளுக்குள்ளும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. மரபணு மாறக் காலம் பிடிக்கும். கேட்டுக் கற்கும் பாணி அதற்காகக் காத்திருப்பதில்லை. காடு துண்டானதை மரபணுவுக்கு முன்பே தொண்டை காட்டிக்கொடுக்கிறது போலும்.

'போலும்' என்பதை விட்டுவிடக் கூடாது. 38 என்பது சிறிய எண்ணிக்கை. அந்த வேறுபாடு கற்றலால் வந்திருக்கலாம் என்றுதான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். கணினி வரைபடத்தில் நமக்குத் தெரியும் வேறுபாடு பறவைக்கும் உறைக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு வழி, ஒரு மலையின் பாட்டைப் பதிவுசெய்து இன்னொரு மலையில் ஒலிக்கவிட்டுப் பார்ப்பது. இந்த ஆய்வில் அதை வாய்ப்பு அமைந்தபோதுதான் செய்திருக்கிறார்கள். அண்மையில் பிரிந்த காடுகளுக்கிடையே அதை முறையாகச் செய்ய வேண்டும்: எல்லைக்குள் போட்டிக்காரன் நுழைந்துவிட்டான் என்று ஆண் பறவை பாய்ந்து வந்தால், பாணி மாறினாலும் அதற்கு அது சொந்தக்காரன் குரல்தான். சட்டை செய்யாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தால், வாசகரின் 'பாஷை'யை நானும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.