கம்பியின் பலம் சுவரில் இருக்கிறது

ஈப்போ சிலிபினில் ஒரு வரிசை வீடு. படுக்கையறையில் ஏர்கோன் ஓடுகிறது. அடுத்த சுவருக்கு அப்பால், குளியலறையில் வாட்டர் ஹீட்டர். ஒன்று குளிரைத் தருகிறது, மற்றொன்று சூட்டைத் தருகிறது. இரண்டுக்கும் மின்சாரம் கொண்டுவரும் வயர், காடி வெட்டிப் பதித்து, மேலே சிமெண்டு பூசிய சுவருக்குள் இருக்கிறது. அந்த இருட்டில் நடப்பது நாம் நினைப்பது போன்றதல்ல.

மீட்டரிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் ஓடிவந்து ஹீட்டரை அடைகின்றன என்றுதான் பலரும் எண்ணுகிறோம். நம் வீடுகளுக்கு வருவதோ நொடிக்கு 50 சுற்றுகள் முன்னும் பின்னும் ஆடும் மாறுதிசை மின்சாரம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 15 ஆம்பியர் ஓடும்போது, எலெக்ட்ரான் கூட்டம் அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் மூன்று பங்குகூட இல்லை. இருந்த இடத்திலேயே அது அதிர்கிறது. ஆற்றலைச் சுமப்பது கம்பியைச் சுற்றி எழும் மின்காந்தப் புலம். கம்பி அதற்கு வழி காட்டுகிறது.

அந்தச் சிறிய அசைவே வெப்பத்தை உண்டாக்குகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், 3.6 கிலோவாட் ஹீட்டர் சுமார் 15 ஆம்பியர். வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டியிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 30 மீட்டர் கம்பி. விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஹீட்டரைக் கொடுத்தால், சுவருக்குள் மட்டும் சுமார் 80 வாட் வெப்பம் கசியும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 30 வாட் அளவே.

அந்த வெப்பம் எங்கே போகும்? இங்கேதான் சுவர் பேச ஆரம்பிக்கிறது. சாதாரண பிவிசி உறை தாங்கக்கூடிய கம்பிச் சூடு 70 டிகிரி செல்சியஸ். உலக மின்நுட்பத் தர அட்டவணைப்படி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைச் சுவரின் மேல் திறந்தபடி அடித்தால் 27 ஆம்பியர் தாங்கும். அதையே குழாய்க்குள் விட்டால் 23. வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு நிரப்பிய சுவருக்குள் குழாயில் வைத்தால் 18.5. செம்பில் மாற்றம் எதுவும் இல்லை, சுற்றியிருப்பது மட்டுமே மாறுகிறது. போர்வை தடித்தால் உடல் வியர்ப்பது போலத்தான் இதுவும்.

இந்த எண்கள் 30 டிகிரி சூழலுக்கானவை. வெயிலில் காயும் கூரைக்கடியில் 40 டிகிரி இருந்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும். ஒரே குழாயில் மூன்று இணைப்புகள் முழுச்சுமையில் ஓடினால் மேலும் 0.7 ஆல் பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் குழாய்க்குள் 23 ஆம்பியர் தாங்கும் வயர் 14 ஆம்பியருக்கு வந்துவிடுகிறது. ஹீட்டருக்குத் தேவை 15!

பழைய வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். மலாயாவில் மின்சாரம் வீட்டு வசதிக்காக வரவில்லை. 1894இல் ரவாங்கில் சுரங்கத் தொழிலதிபர்களான லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச்சுரங்க நீரை இறைக்க மின்னாக்கி அமைத்ததே அதன் தொடக்கம். பேராக்கில் 1930இல் முடிந்த செண்டெரோ அணையும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச்சுரங்கங்களுக்காகவே எழுந்தது. பல ரப்பர் தோட்ட லயங்களில் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் அதுவே பெரிது. பிறகு கட்டிய வீடுகளிலும் நெடுங்காலம் வயரிங் என்றால் விளக்கு, காற்றாடி, வானொலி. அதே வயரில் இன்று ஏர்கோனையும் ஹீட்டரையும் தொங்கவிடுவது அதைச் செய்தவர் கனவிலும் நினையாத சுமை.

வயரின் கனம் சரியாக இருந்தாலும், டிபி பெட்டியில் இருக்கும் 20 ஆம்பியர் பிரேக்கர் வயரைத்தான் காக்கும், மனிதரைக் காக்காது. சில பத்து மில்லிஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். ஆளைக் காப்பது கசிவுமின் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் வந்தால், நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கிறது. மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள் ஈரத்தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லிஆம்பியருக்கு மேற்படாத துண்டிப்பான் வேண்டும் என்கின்றன. ஹீட்டர் எடுக்கும் ஓட்டத்தில் அது ஆயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்கு!

மறைத்த வயருக்கும் ஒழுங்கு உண்டு. நல்ல வயர்மேன் அதைக் குறுக்குச் சாய்வாக விடமாட்டார். சுவிட்சிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, அல்லது நேர் பக்கமாகத்தான் விடுவார். ஆகவே சாமிப் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது, சுவிட்சுக்கு நேர்க்கோட்டில் அடிக்காதீர்கள்.

ஏர்கோனோ ஹீட்டரோ வாங்கும்போது விலையைப் பேசுவதோடு நிறுத்தாமல், உரிமம் பெற்ற வயர்மேனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். டிபி பெட்டியிலிருந்து இதற்குத் தனி வயர் வருமா? வயரின் கனம் என்ன, அது எந்தச் சுவர் வழியே, எத்தனை வயர்களோடு போகிறது? எர்த் வயரும் 10 மில்லிஆம்பியர் துண்டிப்பானும் உண்டா? சுவரைப் பூசிய பிறகு இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. பூசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.