பாங்காங் ஏரியின் மேல் தெரிந்த ஒளிகள்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இரவு வானில் எழும் ஒளி யாருக்கும் புதிதன்று. மணிமருந்து எனப்படும் வண்ணக்கலவை உருண்டைகள் உயரே சென்று எரியும்போது, சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால் வந்தது, பச்சை பேரியத்தால் வந்தது என்று தொழிலறிந்தோர் நிறத்தைக் கொண்டே கூறிவிடுவர். ஒளி தெரிந்து 3 விநாடி கழித்து ஓசை கேட்டால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெடித்திருக்கிறது என்றும் கணக்கிடலாம். ஓசையின்றி நகரும் ஒளிப்புள்ளியின் தொலைவை அறியவோ கண்ணுக்கு வழியே இல்லை. அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள் என்று பதிவாகும் செய்திகள் பல இந்த இயலாமையிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு மிகத் தெளிவான இந்தியச் சான்று லடாக்கில் கிடைத்தது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை பாங்காங் ஏரிப் பகுதியில் காவல் நின்ற படையினர் 329 முறை இத்தகைய ஒளிகளைக் கண்டதாகப் பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை, இந்திய, சீனப் படைகளின் பிடியிலுள்ள நிலங்களைப் பிரிக்கும் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை அவை தாண்டியதாகக் கருதப்பட்டது. மஞ்சள் நிற உருண்டை சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழுந்து, 3 முதல் 5 மணி நேரம் மெல்ல வானைக் கடந்து மறைந்தது. உளவு பார்க்கும் ட்ரோனாக இருக்கலாம் என்று ராணுவம் ஐயுற்றது. எல்லை காப்போர் அவ்வாறு ஐயுறுவது கடமையே. வானலைகளை அனுப்பி, பொருளின்மீது பட்டு அவை திரும்புவதைக் கொண்டு இடமறியும் ரேடாரையும், பொருளிலிருந்து வெளிப்படும் வானொலி அலைகளைத் தேடும் அலைமாலைப் பகுப்பாய்வுக் கருவியையும் நிறுத்திப் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை. ஒளியை நோக்கி அனுப்பப்பட்ட ட்ரோனாலும் அதை நெருங்க முடியவில்லை.

விடை இந்திய வானியற்பியல் நிறுவனத்திடமிருந்து வந்தது. லடாக்கின் ஹான்லே ஆய்வகத்தையும், விருதுநகர் மாவட்டத்தாருக்கு அண்மையிலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துவது இந்நிறுவனமே. ஒளிகள் தோன்றிய நேரத்தையும் திசையையும் கோள்களின் இருப்போடு ஒப்பிட்ட அறிஞர்கள், அவை வெள்ளியும் வியாழனும் என்று கண்டறிந்தனர். 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் கோள்கள் மிகுந்த ஒளியுடன் தெரிகின்றன. ட்ரோன் துரத்தியது வியாழனை என்றால், அது 60 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வாண்டு குரு எனப்படும் வியாழன் ரிஷபத்தில் இருப்பதை நம் பஞ்சாங்கங்களே அச்சிட்டிருந்த நிலையில், வானியலாளரை முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம். ஆயினும் ராணுவம் கேட்டது என்பதே பாராட்டத்தக்கது.

எல்லா விசாரணையும் இவ்வாறு முடிவதில்லை. அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை நடத்திய நீலப் புத்தகத் திட்டம் 12,618 செய்திகளை ஆராய்ந்தும் 701 விளக்கமின்றி எஞ்சின. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தருகே ஏதோ பறந்ததாகக் கூறப்பட்டு, போக்குவரத்து நிறுத்தப்பட்டு, ரஃபேல் போர் விமானங்கள் தேடிச் சென்றும் எதுவும் தென்படவில்லை. விளக்கம் கிடைக்காமை வேற்றுலகத்தாருக்குச் சான்றாகாது. போதிய அளவீடு இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஆகவே விளங்காத ஒளியைக் காண்போர், கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதற்கு முன் நேரத்தையும் திசையையும் ஓசை உண்டா என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. நீட்டிய கையின் மூடிய முட்டி வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும் என்பதால் உயரத்தையும் அளந்துவிடலாம். மறுநாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக அதே இடத்தில் அது தெரிந்தால், அது விண்மீனோ கோளோதான்.