மூளைக்கும் கவாத்து உண்டு!

நம்ம பக்கத்து முந்திரித் தோப்பில் கவாத்து செய்யாவிட்டால் காய்ப்பு குறையும். மூளையிலும் அதே கதைதான், நண்பர்களே!

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது; காந்தமும் ரேடியோ அலையும்தான். ஆகவே வளரும் பிள்ளையைப் பலமுறை படமெடுக்கலாம். அமெரிக்காவில் 13 பிள்ளைகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுத்த படங்கள் 2004இல் வெளியாயின. வயது ஏற ஏற, மூளையின் சாம்பல்நிறப் பகுதி மெலிகிறது! தேய்மானம்னு பயப்படாதீங்க. உதவாத இணைப்புகள் கழிகின்றன. நரம்பிழைகள்மேல் கொழுப்புறை ஏறுது. எலக்ட்ரிகல் பசங்க பாஷையில் இன்சுலேஷன். சேதி வேகமாப் பாயும்.

தொடுதல், அசைவுக்கான பகுதிகள் முதலில் முதிர்கின்றன. யோசித்து முடிவெடுக்கும் முன்பக்கத்தில் இருபது வயது தாண்டியும் வேலை நடக்கிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் தலைமையில் நம் நாட்டில் ஏழு இடங்களில் 6 முதல் 23 வயதுவரை உள்ளவர்களை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். போதைப் பழக்கம் யாரைப் பிடிக்கும் என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று. டீக்கடையில் செட்டோடு நிற்கையில் 'ஒரு தம் அடிடா'ன்னு நீட்டுறதும் இந்த வயசில்தானே?