அலுவலகப் பயன்பாட்டில் திறமூல மென்பொருள்: தமிழ் ஆவணங்களின் நிலைபேறு நோக்கில்

முன்னுரை

அரசு, கல்வி அலுவலகங்களில் திறமூல மென்பொருளைப் பரிந்துரைப்போர் உரிமக் கட்டணச் சேமிப்பையே பெரும்பாலும் முதற்காரணமாகக் காட்டுவர். தமிழில் ஆவணம் எழுதும் அலுவலகத்திற்கு அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. இன்று எழுதப்படும் கோப்பு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கத்தக்கதாக இருக்குமா என்பதே அது. இவ்வினாவின் அடிப்படையில் தமிழக அலுவலகச் சூழலை இக்கட்டுரை விளக்குகிறது.

திறமூலமும் திறந்த வடிவமும்

மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் வழங்கும் மென்பொருளே திறமூல மென்பொருள் எனப்படும். கோப்பின் உள்ளமைப்பை எவரும் அறிந்து பயன்படுத்துமாறு வெளியிடுவது திறந்த வடிவம். ஓப்பன் ஆஃபிஸ், லிப்ரே ஆஃபிஸ் ஆகியன கையாளும் திறந்த ஆவண வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. மென்பொருள் வழக்கொழிந்தாலும் அவ்வடிவத்திலுள்ள கோப்பைப் படிக்கும் வழி அழிவதில்லை.

எல்காட் மாற்றம்

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006–07 காலகட்டத்தில், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியது. அதே காலத்தில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் இயங்குதளத்தை உருவாக்கியது. பிற துறைகளுக்கு அறிவுறுத்துமுன் எல்காட் தன் பணியாளர்களையே முதலில் பழக்கியது இங்குக் கருதத்தக்கது. உரிமக் கட்டணம் இல்லையெனினும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் செலவு உண்டு.

குறியேற்றச் சிக்கல்

இயங்குதளத்தை மாற்றுவதால் மட்டும் பழைய தமிழ்க் கோப்புகள் மீண்டுவிடுவதில்லை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தின. எனவே அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்த் தொடர் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையாகத் தோன்றும். ‘கொ’ என்பது அவற்றில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் பதியும். ஒருங்குறியிலோ ககரத்தின் பின் ஒகரக் குறி வரும். ஆதலால் மாற்றி நிரலின்றி இவற்றில் ஒருங்குறி வழித் தேடலோ முறையான அகரவரிசைப்படுத்தலோ இயலாது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. எனினும் அதற்கு முன் எழுதப்பட்டவை தாமாக மாறுவதில்லை.

அச்சரப்பாக்கம்: ஓர் எடுத்துக்காட்டு

அச்சரப்பாக்கம் பகுதி 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்திலும், அதன்பின் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் அமைந்தது. ஊர்ப்பெயரும் அச்சரப்பாக்கம், அச்சிறுபாக்கம் என இருவகையில் எழுதப்படுகிறது. இந்நிலையில் இவ்வூர் சார்ந்த 2005-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றைப் பணியாளர் ஒருவர் தேடுவதாகக் கொள்வோம். கோப்பு ஒருங்குறியில் இருப்பின் இரு வடிவங்களையும் இட்டு அவர் நொடியில் கண்டறியலாம். பழைய எழுத்துருவில் இருப்பின், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எழுத்துரு கிட்டாவிடில் அதுவும் பயனற்றது. நிலம், குடிநீர், வரி ஆகியவை பற்றிய சான்றுகள் இத்தகைய கோப்புகளில் இருப்பின், இழப்பு பணியாளரோடு நில்லாமல் ஊர்மக்களையும் சாரும்.

முடிவுரை

திறமூல மென்பொருள் ஆவண நிலைபேற்றுக்குத் துணைக்காரணமே. ஒருங்குறியும் திறந்த வடிவமும் அடிப்படைக் காரணங்கள். ஆகவே அலுவலகம் முதலில் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுத்துத் திறந்த ஆவண வடிவத்தில் சேமிக்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். அதன்பின் பயிற்சியோடு மென்பொருளை மாற்றலாம். இவ்வரிசை தலைகீழானால் புதிய கணினியிலும் பழைய சிக்கலே தொடரும். ஆட்சி எல்லைகள் மாறினும் ஆவணங்கள் படிக்கத்தக்கனவாக நிற்பதே இம்மாற்றத்தின் உண்மையான பயனாகும்.