பறக்கும் தட்டும் பயில்வோர் கையும்

கோல்ஃப் பந்துக்கு மாற்றாக வட்டத்தட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் வீழ்த்தும் விளையாட்டே 'டிஸ்க் கோல்ஃப்' ஆகும். அமெரிக்கரான எட் ஹெட்ரிக் 1970களில் இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தார். 1983இல் காற்றைக் கிழிக்கும் கூர்விளிம்புத் தட்டு தோன்றியபின், தட்டுகள் பல்கிப் பெருகின.

தட்டொன்றின் இயல்பை வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதிச் சாய்வு என்னும் நான்கு எண்கள் உணர்த்தும். இன்னோவா நிறுவனத்தின் 'ஏவியார்' 2, 3, 0, 1 என்னும் எண்களை உடையது. கூடைக்கு அருகிலிருந்து எறிதற்குரியது. 'டெஸ்ட்ராயர்' 12, 5, -1, 3 என அமைந்து நெடுந்தொலைவுக்கு உரியது. எனினும், வேக எண் தட்டு தரும் வேகம் அன்று. எறிபவர் தட்டுக்குத் தரவேண்டிய வேகமே ஆகும். அவ்வேகம் இல்லாத வலக்கையர் புறங்கை வீச்சாக எறியின், டெஸ்ட்ராயர் விரைவிலேயே இடப்புறம் சாய்ந்து வீழும்.

பிளாஸ்டிக் வகைகளுள் 'டிஎக்ஸ்' மலிவானது, பிடிப்பதற்கு எளிது. ஆயின், மரங்களில் மோதித் தேயத் தேய அதன் பறப்பு மாறும். 'ஸ்டார்', 'சாம்பியன்' ஆகியவை விலை மிக்கவை. இயல்பை நெடுநாள் காப்பவை. ஆக, மிகுவிலை வாங்கித் தருவது தட்டின் ஆயுளையே அன்றி, எறியும் தொலைவை அன்று. புதிதாகப் பயில்வோர், வேகம் குறைந்த மலிவான தட்டில் தொடங்குதலே நலம்.