கூடு ஓரிடம், மேய்ச்சல் ஊரெங்கும்

(செஞ்சியைச் சுற்றி - 9)

கோட்டைப் பாறைகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஏரிக்கு இறங்குவோம்.

மார்கழியில் செஞ்சி வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஓட்டிலிருந்து நத்தையை உருவி எடுக்க ஏற்ற அலகு அது. இந்த இனம் கூடு கட்டும் இடங்களில் பேர்பெற்றது வேடந்தாங்கல். திண்டிவனம் போய், சென்னை நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும்.

ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பியதும், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு வைக்கும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதுதான் காவல்; பூனையும் நரியும் எளிதில் நெருங்க முடியாது. மழை பொய்த்தால் பறவையும் குறைந்துபோகும்.

இவை வெளிநாட்டிலிருந்து குஞ்சு பொரிக்க வருபவை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகளே.

அவற்றை முதலில் காத்தவர்கள் விவசாயிகள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கிக்காரர்களின் தொல்லை பொறுக்காமல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் கவுல் என்னும் எழுத்துவடிவ உறுதி வாங்கினார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைக்க அடித்தளம் இட்டவர்கள் அவர்கள்தான் என்பேன்.

ஆனால் ஏரி வெறும் பள்ளியறை. இரை கிடைப்பது சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும். அதனால்தான் சரணாலயம் ஏரிக்கரையோடு நிற்காமல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை விரிகிறது. அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை 2020இல் வந்தபோது பறவை ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள். முழு நியாயம் அவர்கள் பக்கம். மேய்ச்சல் நிலம் போனால் கூட்டில் முட்டை இருந்து பயனில்லை.

பார்க்கப் போகிறவர்கள் கரையிலேயே நில்லுங்கள். பைனாகுலர் போதும், டிரோன் வேண்டவே வேண்டாம். உச்சிவெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும். நாம் நெருங்கி அது எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொண்டுபோகும்.

கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து ஏரிகளுக்கும் பொருந்தும். ஏரிக்குள் வளர்ந்த கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டுவது வழக்கம். உங்கள் ஊர் ஏரி மரத்தில் கூடு தெரிந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை வெட்டைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26ஆம் தேதி கிராம சபை கூடும்போது, கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். அன்றைக்கே எழுந்து கேளுங்கள்.