பொம்மையின் முத்திரையும் பொம்மையின் கண்ணும்

சென்ற ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின் பொருட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கிற்குச் சென்றிருந்தேன். படுக்கை விரிப்புகளை வெட்டித் தைத்தபின் எஞ்சும் துண்டுத் துணிகளைக் கொண்டு யானைப் பொம்மைகள் தைத்து விற்பது அச்சங்கத்தின் துணைத் தொழில். பெண் அங்கத்தினர்கள் பதினாறு பேருக்கு அதனால் வேலை கிடைத்து வருகிறது. அலமாரியின் அடித்தட்டில், சணல் கயிறு கட்டிய எட்டுக் கட்டுகள் தூசி படிந்து கிடந்தன. பிரித்துப் பார்த்ததில், பொம்மையின் பக்கத் தையலில் வைத்துத் தைக்கும் நாடாச் சீட்டுகள், கட்டுக்கு ஆயிரம். ஒவ்வொன்றிலும் பிரிட்டனின் யு.கே.சி.ஏ. முத்திரை அச்சிடப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு சீட்டுகூடச் செலவாகவில்லை.

“இதை எந்தக் கணக்கில் காட்டுவது, ஐயா?” என்று காரியதரிசி கேட்டார்.

அக்கேள்விக்கு விடை காணப் புகுந்தபோதுதான், கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று அக்கிடங்கிலேயே இருப்பது புலனாயிற்று. மற்றச் சங்கத்தாரும் அறிந்திருத்தல் நலமென்று கருதி இதனை எழுதுகிறேன்.

முதலில் முத்திரைகளின் வகையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நமது அங்கத்தினர் பலரும் எல்லா முத்திரைகளையும் ஒரே இனமாகக் கருதுகின்றனர். 2006-இல் தோன்றிய கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்குச் சான்று. பட்டு முத்திரை, இழை தூய பட்டு என்பதற்குச் சான்று. இவ்விரண்டும் பொருளின் பிறப்பைக் கூறுமேயன்றி, அதைக் குழந்தை வாயில் வைத்தால் தீங்கு நேருமா என்பதைக் கூறமாட்டா. அதைக் கூறுவன பாதுகாப்பு முத்திரைகள். அவற்றுள்ளும் இருவகை உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இந்தியத் தர நிர்ணய அமைவனம் உரிமம் அளித்தபின் இடப்படுவது. முத்திரையின் மேல் தர எண்ணும், கீழே உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். அவ்வுரிமம் குறிப்பிட்ட முகவரியில் உள்ள உற்பத்தியிடத்திற்கே உரியது. வாடகைக் கட்டடத்தை மாற்றிக் கொண்டு பழைய எண்ணையே அச்சிட்டு வருவது தவறு. ஐரோப்பாவின் சி.இ. முத்திரையோ வேறு வகை. பொம்மைகளைப் பொறுத்தவரை, ஒப்புக்கொள்ளப்பட்ட தரங்களை முழுமையாகப் பின்பற்றியிருந்தால், உற்பத்தியாளரே தம் பொறுப்பில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அதை இட்டுக்கொள்ளலாம். எந்த அலுவலகமும் அதை ‘வழங்குவதில்லை’. அதனாலேயே அது எளிதென்று எண்ணிவிடலாகாது. சோதனை அறிக்கை, மூலப்பொருள் விவரம், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைப் பத்தாண்டுக் காலம் வைத்திருந்து, கேட்டபோது காட்ட வேண்டிய கடமை உற்பத்தியாளருடையது.

இங்கே ஒரு வார்த்தை. படுக்கை விரிப்பிலும் துண்டிலும் சி.இ. முத்திரை இடும்படி சில இடைத்தரகர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அம்முத்திரைக்கு உட்படாத பொருளில் அதை இடுவது ஐரோப்பியச் சட்டப்படி குற்றம். ஆனால் முத்திரை இல்லை என்பதற்காக விதியே இல்லை என்றும் எண்ணலாகாது. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பொதுப் பொருட்பாதுகாப்பு ஒழுங்குமுறை விரிப்புக்கும் துண்டுக்கும் பொருந்தும். உற்பத்தியாளரின் பெயர், அஞ்சல் முகவரி, மின்னஞ்சல் முதலிய தொடர்பு முகவரி, பொருளை இனங்காட்டும் எண், ஒன்றியத்திற்குள் பொறுப்பேற்பவர் ஒருவரின் பெயர் ஆகியவை பொருளுடன் இருத்தல் வேண்டும்.

இனி அந்த எட்டாயிரம் சீட்டுகளின் வரலாறு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் பிரிந்தபின், 2021 ஜனவரி முதல் நாளன்று தனக்கென யு.கே.சி.ஏ. என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. ஓராண்டு காலம் பழைய சி.இ. முத்திரையும் செல்லும், 2022 ஜனவரி முதல் செல்லாது என்றார்கள். பின்னர் அக்கெடு 2023 ஜனவரிக்குத் தள்ளப்பட்டது. 2022 நவம்பரில், 2024 இறுதிவரை என்று மறுபடியும் நீட்டினார்கள். 2023 ஆகஸ்டு முதல் நாளன்று, பொம்மைகள் உள்ளிட்ட பல பொருள்களுக்குச் சி.இ. முத்திரை காலவரையறையின்றிச் செல்லும் என்றே அறிவித்துவிட்டார்கள். நமது சங்கம் சீட்டுகளை அச்சிட்டது 2022 அக்டோபரில்! கட்டுகள் அச்சகத்திலிருந்து வந்த மறுமாதமே கெடு நீண்டது. வாங்குபவரோ, ஐரோப்பாவிற்கும் பிரிட்டனுக்கும் ஒரே சீட்டுப் போதுமென்று சி.இ. முத்திரையையே கேட்டார்.

காரியதரிசியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஏஜெண்டு தொலைபேசியில் அவசரப்படுத்தினார். இவர் கடமையைச் செய்தார். ஆயினும் மூன்று மாதத் தேவைக்கு மட்டும் அச்சிட்டிருந்தால் நஷ்டம் கட்டு ஒன்றோடு போயிருக்கும். சீட்டு ஒன்றுக்குச் சில பைசா மலிவு என்று எட்டாயிரம் அச்சிடுவது, விதி நிலையாக இருக்கும் காலத்திற்கு ஏற்ற சிக்கனம்.

உள்நாட்டு விதியும் இவ்வாறே அசைந்துதான் நிலைபெற்றது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2020 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்டது. செப்டம்பரில் அமலாக வேண்டியது, 2021 ஜனவரி முதல் நாள் அமலாயிற்று. விற்பனையும் ஆணைக்கு உட்பட்டதாதலால், பழைய இருப்பு என்ற சமாதானம் செல்லவில்லை. 2023 ஜனவரியில் பெருநகரங்களின் அங்காடிகளில் சோதனை நடத்தி, முத்திரையற்ற பொம்மைகளை ஆயிரக்கணக்கில் கைப்பற்றினார்கள்.

அவ்வாணையில் விலக்கு ஒன்று உண்டு. அதை நமது சங்கங்கள் சரிவரப் படிக்கவில்லை என்பது என் கருத்து. கைவினைப் பொருள் அபிவிருத்தி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அக்குறியீட்டின் உரிமையாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரும் செய்து விற்பதற்கும் முத்திரை கட்டாயமில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நமது நெசவாளர் கையிலிருப்பதோ கைத்தறித் துறையின் அட்டை. கைத்தறி வேறு, கைவினை வேறு. ஆணையர் அலுவலகங்களும் வேறு. நெசவாளர் அட்டையைக் காட்டி, “நாங்கள் கைத்தொழிலாளர், எங்களுக்கு விலக்கு” என்று சொல்வது செல்லாது. அந்த யானைகளைத் தைக்கும் பதினாறு பேரில் கைவினைஞர் அட்டை பெற்றிருந்தவர் நால்வர் மட்டுமே. தம் பெயரில் அட்டை இருக்கும் ஒருவர் செய்வதும், சங்கம் பலரைக் கொண்டு செய்வித்துத் தன் பெயரில் விற்பதும் ஒன்றாகுமா என்ற கேள்வியும் உண்டு. அதற்கு அமைவனத்தின் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலமாக விடை பெற்றுக் கோப்பில் வைக்கும்படி சொல்லி வந்தேன்.

இவ்வளவும் சீட்டைப் பற்றிய பேச்சு. பேசிக்கொண்டே ஒரு யானையைக் கையிலெடுத்துப் புரட்டினேன். அதன் கண் கறுப்புப் பிளாஸ்டிக் மணி. கட்டை விரலால் நெம்பினேன். மணி கழன்று கையில் வந்துவிட்டது.

சோதனை அறிக்கையைக் கேட்டேன். 2021-ஆம் ஆண்டு அறிக்கை ஒழுங்காகக் கோப்பில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த புகைப்படத்திலோ யானையின் கண் நூலால் பூவேலை செய்யப்பட்டதாக இருந்தது! விசாரித்ததில், நூற்கண் போட நேரம் பிடிக்கிறதென்று ஓராண்டுக்கு முன் மணிக்கு மாறினார்களாம். கூலி மிச்சம்; பார்வைக்கும் அழகு. பொம்மை மாறியது. அறிக்கையும் முத்திரையும் மாறவில்லை.

இதன் அபாயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டியணைத்து விளையாடும் மென்மையான துணிப் பொம்மைகள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உரியவையாகவே கருதப்படுகின்றன. ‘மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஏற்றதன்று’ என்று சீட்டில் அச்சிட்டுத் தப்பித்துக் கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருவதில்லை. அவ்வயதுக் குழந்தையின் தொண்டைக்கு ஒப்பாக ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். குறுக்களவு 31.7 மி.மீ.; அடி சரிவானது; ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. பொம்மையோ, அதனின்று கழலும் உறுப்போ அவ்வுருளைக்குள் முழுதும் அடங்குமாயின் அது மூச்சடைக்கக் கூடியது, விற்கலாகாது. இ.என். 71 என்னும் ஐரோப்பியத் தரத்தின் முதற்பகுதிப்படி, ஆறு மி.மீட்டருக்கு மேற்பட்ட கண் 90 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 9 கிலோ எடையை அதில் தொங்கவிட்டது போலாகும். பக்கத் தையல் 70 நியூட்டனைத் தாங்க வேண்டும். தையல் விட்டால் உள்ளிருக்கும் பஞ்சு வெளிவரும். என் கட்டை விரலுக்கு அவ்வளவு வலிமை கிடையாது. கிடங்கிலே அந்த மணிக்கண் யானைகள் 340 இருந்தன. முந்திய தவணையில் அனுப்பியவற்றுள் மணிக்கண் எத்தனை, நூற்கண் எத்தனை என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, சீட்டில் தொகுதி எண்ணே இல்லை.

ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்து, அனுப்பியவற்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தால், தொகுதி எண் உள்ள சங்கம் நூறு பொம்மையைத் திரும்ப அழைக்கும். இல்லாத சங்கம் அத்தனையையும் அழைக்க வேண்டும். அதற்குள் குழந்தையின் கதி என்ன?

சாயமும் அப்படியே. சில அஸோ சாயங்கள் சிதைந்து புற்றுநோய் விளைவிக்கும் அமீன்களை வெளியிடும் என்று கண்டு 1994-இல் ஜெர்மனி தடை விதித்தபோது, நமது ஏற்றுமதி ஊர்களில் ஏற்பட்ட கலக்கத்தைப் பெரியவர்கள் நினைவிற் கொண்டிருப்பார்கள். இந்திய அரசாங்கமும் 1990-களில் 112 சாயங்களின் உபயோகத்தைத் தடுத்தது. ஐரோப்பாவில் இன்று அத்தகைய அமீன் ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது வரம்பு. துண்டுத் துணியில் பொம்மை தைக்கும் சங்கத்திற்கு இதில் தனித் தொல்லை உண்டு. எந்தத் துண்டு எந்தப் பாவினின்று வந்தது, அந்த நூலுக்கு எந்தப் பட்டறையில் எந்தச் சாயம் ஏற்றினார்கள் என்பது வெட்டு மேசையிலேயே மறந்துபோகிறது. சாயப்பட்டறைச் சிட்டையின் எண்ணைத் துண்டு மூட்டையில் எழுதி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

விவசாய உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் ஒரு செய்தி. மறுகலவை செய்த சாறுகளின் சீட்டுகளினின்றும் ‘100 சதவிகிதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அச்சிட்டு வைத்த உறைகளைச் செப்டம்பர் முதல் நாளுக்குள் தீர்த்துவிடச் சொல்லி, பிறகு டிசம்பர் இறுதிவரை நீட்டியது. உறைகளை டன் கணக்கில் அச்சிட்டவர்கள் பட்ட பாடு அந்த யானைச் சீட்டுகளின் கதையேயாகும்.

ஆணைகள் இறுகுவது மட்டுமன்று, தளர்வதும் உண்டு. 2025 நவம்பரில் பாலியெஸ்டர் நூல் உள்ளிட்ட சில மூலப்பொருள்களுக்கான கட்டாயத் தர ஆணைகளை அரசாங்கமே திரும்பப் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியமோ புதிய பொம்மைப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை 2025 இறுதியில் வெளியிட்டு, 2030 ஆகஸ்டு முதல் அமலாகும் என்று தவணை கொடுத்திருக்கிறது. அப்போது ஒவ்வொரு பொம்மைக்கும் எண்முறைக் கடவுச்சீட்டு ஒன்று, கைப்பேசியால் படிக்கத்தக்க குறியுடன், இருத்தல் வேண்டும். ஆகவே, புதுச் செய்தி வந்ததும் அச்சகத்திற்கு ஓடாமல் முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும்: அந்த விதி நமது பொருளுக்கு உரியதா, எந்த நாட்டுச் சந்தைக்கு உரியது, கெடு உற்பத்தி நாளைக் குறித்ததா, விற்பனை நாளைக் குறித்ததா, நம்மிடமுள்ள சோதனை அறிக்கை இன்றைய பொம்மையைத்தான் சோதித்ததா. ஏஜெண்டு வாய்மொழியாகச் சொல்வது போதாது. விதியின் எண்ணையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

அச்சங்கத்தில் தனிப் பதிவேடு ஒன்று திறந்தோம். அகலமான கணக்கு நோட்டுத்தான். இடப்பக்கத்தில் விதியில் ஏற்படும் மாற்றம், வலப்பக்கத்தில் பொம்மையில் நாம் செய்யும் மாற்றம். நூல், மணி, பஞ்சு, சாயம், தைக்கும் இடம் எதுவாயினும் மாறினால் தேதியுடன் எழுதி, மறுசோதனை தேவையா என்று நிர்வாகக் குழுவில் கேட்டு முடிவு எழுதுவது. பொறுப்பைத் தையற்கூடத்தின் மேற்பார்வையாளரான அம்மையாரிடம் விட்டார்கள். கண் மாறுவது முதலில் அவருக்குத்தானே தெரியும்.

சீட்டுகளைப் பற்றிய கேள்வி எஞ்சியது. யு.கே.சி.ஏ. முத்திரை பிரிட்டனில் இன்றும் செல்லும். ஆதலால் அங்கு மட்டும் அனுப்பும் ஆர்டர் கிடைத்தால் அவற்றை உபயோகிக்கலாமே என்று காரியதரிசி கேட்டார். சீட்டின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அதிலிருந்த இறக்குமதியாளர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இடம் மாறிவிட்டார். எட்டுக் கட்டுகளையும் நிர்வாகக் குழுத் தீர்மானத்தின்பேரில் நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளினார்கள். 340 யானைகளின் மணிகளைப் பிய்த்தெடுத்து நூற்கண் போடப் பதினாறு பேருக்கும் பதினோரு நாள் பிடித்தது. மாதிரிகள் சோதனைக்குச் சென்று, அறிக்கை வந்தபின்பே சரக்கு லாரியில் ஏறியது.